லயத்துக் குப்பையும் மானியப் பணமும்

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் தொங்கல் காம்பராவின் இஸ்தோப்பில் மூன்று தொட்டிகள் வரிசையாக இருந்தன. பச்சை, நீலம், செம்மஞ்சள். நாட்டின் வர்ணக் குறியீட்டின்படி பச்சை உக்கும் குப்பைக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கும் பொலித்தீனுக்கும். அந்த வீட்டில் பச்சைத் தொட்டியில் விறகுச் சிராய் கிடந்தது. நீலத்தில் பீலித் தண்ணீர். செம்மஞ்சளில் அரிசி.

"மூடி நல்லா இறுக்கமா இருக்குங்க. எலி போகாது," என்றார் வீட்டுக்கார அம்மா.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனம் வெளிநாட்டு மானியத்தில் கழிவு முகாமைத்துவக் கருத்திட்டம் ஒன்றை அந்த டிவிசனில் நடத்தியிருக்கிறது. தோட்டத்து மண்டபத்தில் இரண்டு செயலமர்வு, வீட்டுக்கு மூன்று தொட்டி, ஒரு கையேடு. செயலமர்வில் இந்த அம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டாராம்: "பிரிச்சு வச்சா யாரு மிஸ் வந்து எடுப்பா?" மண்டபமே சிரித்திருக்கிறது. செயலமர்வை நடத்திய மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த முறை வரும்போது கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். அடுத்த முறை வருவதற்குள் கருத்திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது.

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் கழிவுக் குறைப்பு, மீள்சுழற்சி பற்றிய மக்கள் கல்விக்கு வரும் மானியங்களை எடைபோட அந்த ஒரு கேள்வி போதும் என்று எனக்குப் படுகிறது. அதற்கு விடை இல்லாமல் போனதற்கு அந்த மிஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்தது பேசுவதற்கான பணம். அள்ளுவதற்கான பணம் அவரிடம் இல்லை. அதைத் தர வேண்டியவர் யார் என்பதே இந்த மலைகளில் நீண்ட காலம் யாரும் தீர்க்காத வழக்கு.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். தெருவிலும் வீட்டிலும் சேரும் குப்பை பிரதேச சபையின் சொத்து என்கிறது அந்தச் சட்டம். அள்ளுவதும் அகற்றுவதும் சபையின் கடமை. ஆனால் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாது என்றே முப்பது வருடமாக வாசிக்கப்பட்டு வந்தது. தோட்டம் கம்பனியின் இடம், லயம் கம்பனியின் பொறுப்பு, பாதையும் கானும் கம்பனியின் கணக்கு. சபைக்கு வாக்குப் போட்ட மனிதர், அந்தச் சபையின் ஒரு சக்கரக் கரத்தைகூடத் தன் வாசலுக்கு வருமென்று எதிர்பார்க்க முடியாது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை போனது, பிறகு தவணை தவணையாக அது திரும்பி வந்தது, அதற்கு 2003இன் சட்டம் வரை காத்திருந்தது எல்லாம் தெரிந்த கதை. குடியுரிமை கிடைத்த பிறகும் குப்பைக்கு ஓர் உரிமையாளர் கிடைக்கவில்லை என்பதை அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை.

2018 இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. அதுவரை அம்பகமுவ, நுவரெலியா என்று பரந்து கிடந்த இரண்டு பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்தன. அம்பகமுவவிலிருந்து மஸ்கெலியாவும் நோர்வூட்டும், நுவரெலியாவிலிருந்து அக்கரபத்தனையும் கொட்டகலையும் தனிச் சபைகளாயின. அந்த வருடம் பெப்ரவரி 10இல் நடந்த தேர்தலில் அவற்றுக்கு முதல் உறுப்பினர்கள் தெரிவானார்கள். அதே வருடம் பிரதேச சபைச் சட்டமும் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் சேவை செய்வதற்கான கதவு திறந்தது.

கதவு திறந்ததே தவிர உள்ளே போக நேரம் கிடைக்கவில்லை. 2020இல் கொரோனா. 2022இல் நாடே கடனைக் கட்ட முடியாமல் நின்றது, டீசல் வரிசையில் சபையின் டிராக்டரும் நின்றது. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2025 மே 6இல்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேல், குப்பைக்காகச் சத்தம் போட ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். புதிய சபைகளின் வருமானமும் சிறியது. சபைக்குக் காசு வருவது நகரத்துச் சோலைவரியிலிருந்தும் கடை வாடகையிலிருந்தும் வியாபார அனுமதிக் கட்டணத்திலிருந்தும். நோர்வூட்டிலும் அக்கரபத்தனையிலும் நகரமென்று இருப்பது ஒரு கடைத்தெரு. அதைச் சுற்றி மலை மலையாகத் தோட்டம். வரி கட்டும் கடைகள் சில, சேவை கேட்கும் லயங்கள் பல.

ஆக, சட்டம் விலக்கி வைத்திருந்த காலத்திலும், சட்டம் அனுமதித்தும் சபையிடம் காசில்லாத காலத்திலும், குப்பை விஷயத்தில் தோட்டத்துக்குள் வந்து நின்றது மானியம்தான்.

மானியம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் பல சாதி உண்டு. உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறுமானியத் திட்டம் 1994 முதல் இலங்கையில் இயங்குகிறது. ஐநா அபிவிருத்தித் திட்டத்தின் வழியாக உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கிறது. நீண்ட காலம் 50,000 டொலர் என்ற உச்ச வரம்புக்குள் வந்த சிறு கருத்திட்டங்கள். ஜப்பானின் அடிமட்ட மனிதப் பாதுகாப்புக்கான மானியம் 1989இல் தொடங்கியது. அது பெரும்பாலும் கட்டடம், வாகனம், கருவி என்று கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கே போகும். பேச்சுக்கும் சம்பளத்துக்கும் அதில் இடம் குறைவு. அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம் இன்னும் சிறிய தொகைகளைக் கொடுக்கும். நியாய வர்த்தகச் சான்று பெற்ற தோட்டமென்றால், தேயிலை விலைக்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று வரும் பிரீமியப் பணம் இருக்கிறது. அதை எதற்குச் செலவிடுவது என்று தொழிலாளர்கள் தெரிவுசெய்த குழு தீர்மானிக்கும். ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் சான்று பணம் தராது, ஆனால் கழிவை எரிக்காதே, பிரித்து வை என்று நிபந்தனை போடும். 1992இல் தொடங்கிய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அரசு, கம்பனி, தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த அமைப்பு. பிள்ளைக் காம்பரா, வீடு, மலசலகூடம் என்று வெளிநாட்டுப் பணம் தோட்டத்துக்குள் வருவதற்கான பெரிய வாசல் அதுதான்.

இத்தனை வாசல் இருந்தும் கழிவுக் கல்விக்கு வந்த பணம் பெரும்பாலும் மலையைப் பார்த்து வந்ததல்ல, கடலைப் பார்த்து வந்தது. 2015இல் ஜென்னா ஜாம்பெக்கும் கூட்டாளிகளும் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒழுங்காகக் கையாளப்படாத பிளாஸ்டிக் கழிவைக் கணக்கிட்டு நாடுகளை வரிசைப்படுத்தியபோது சீனா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாமுக்கு அடுத்து ஐந்தாவதாக இந்தச் சின்னத் தீவு வந்தது. அடுத்த வருடமே அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் தொடங்கிய நகரக் கழிவு மீள்சுழற்சித் திட்டம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம், இலங்கை ஆகிய நான்கு நாட்டு அமைப்புகளுக்கு மானியம் கொடுத்தது. பணம் கரையோர நகரங்களைத் தேடிப் போனது. கடலில் மிதப்பதைக் கரையில் தடுக்க வேண்டும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கில் ஆறு எங்கே பிறக்கிறது என்ற வரி விடுபட்டுவிட்டது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. ஒன்று காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குள் வந்து போகிறது, மற்றது மவுசாகலைக்குள். இரண்டு நீர்த்தேக்கத்தையும் சுற்றி லயங்கள். லயத்துக்குப் பின்னால் கான், கானிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து ஓயா. கொத்மலை ஓயா தலவாக்கலையைத் தாண்டி மகாவலிக்குப் போகிறது. தலவாக்கலை நகரத்தின் காலடியில் 2012இல் நிறைந்த மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் விளிம்பில் நீர் வற்றும் மாதங்களில் நடந்து பாருங்கள். யோகட் கோப்பை, மாப்பைக்கற்று, ஒற்றைச் செருப்பு. கொழும்பு குடிக்கும் தண்ணீரின் பெரும்பகுதி அம்பத்தளையில் களனியிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆற்றின் தலையில் குப்பை அள்ளுவதற்கு ஒரு டிராக்டருக்கு டீசல் போட மனமில்லாமல், ஆற்றின் வாயில் வலை கட்டுவதற்கு டொலர் செலவழிப்பதில் எந்தச் சிக்கனமும் இல்லை.

அந்தக் கடல் பணமும் நிலைக்கவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலையில் யூஎஸ்எய்ட் என்ற நிறுவனமே இல்லாமல் போனது. வேறொரு நாட்டின் தேர்தல் முடிவு ஹட்டனில் ஒரு கருத்திட்ட உத்தியோகத்தரின் வேலையைத் தீர்மானிக்கும் நிலையில், பத்து வருடம் எடுக்கும் பழக்க மாற்றத்தை அந்தப் பணத்தை நம்பித் தொடங்குவது பெரிய துணிச்சல்தான்.

இனி கல்விக்கு வருவோம். என்ன கற்பிக்கிறார்கள்?

இலங்கையின் நகரக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது என்பது எல்லா அறிக்கையிலும் வரும் வாசகம். அதனால் மானிய விண்ணப்பங்களில் முதல் பாடம் எப்போதும் கூட்டெரு. மத்திய சுற்றாடல் அதிகாரசபை 2008இல் தொடங்கிய பிலிசரு திட்டமும் நாடு முழுக்கக் கூட்டெரு நிலையங்களையே முதன்மையாக வைத்தது. நகரத்துக்கு அது சரியான பாடம். லயத்துக்கு? மரக்கறித் தோலை ஆடு தின்கிறது, சோற்றை நாயும் கோழியும் தின்கின்றன, சாம்பலும் சாணமும் லயத்துக் கோடியில் உள்ள எருக்குழிக்குப் போகின்றன. அங்கிருந்து கரட்டுக்கும் லீக்ஸுக்கும் பீட்ரூட்டுக்கும். கூட்டெரு பற்றி நுவரெலியாத் தோட்டத்துப் பாட்டிக்குக் கற்பிப்பது, கொழுந்து எப்படிக் கிள்ளுவது என்று அவருக்கே படம் வரைந்து காட்டுவது போல. அதோடு பதினாறு பாகை குளிரிலும் ஓயாத மழையிலும், சமவெளிக்காகச் செய்த பிளாஸ்டிக் கூட்டெருத் தொட்டி மெல்லத்தான் வேலை செய்யும். 2021இல் அரசு இரசாயன உரத்தைத் திடீரெனத் தடை செய்தபோது மட்டும் அந்த எருக்குழிக்கு ஒரு மவுசு வந்தது. தோட்ட நிர்வாகங்கள்கூடக் கூட்டெரு தேடி அலைந்தன. சில மாதத்தில் தடையும் போனது, மவுசும் போனது.

லயத்தில் உண்மையில் எஞ்சுவது வேறு. பால்மாப் பைக்கற்று, பிஸ்கட் உறை, நூடில்ஸ் உறை, சவர்க்காரத் தாள், சொப்பிங் பேக், சாராயப் போத்தல், தேய்ந்த பாட்டா. இவை ஏன் சேர்கின்றன என்பதற்குச் சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வரையறுக்கப்பட்டது. பேர் விழுந்தால்தான், அதாவது அன்றைய வேலை முழுதாகப் பதிவானால்தான், அதுவும். அப்படிச் சம்பாதிக்கும் வீட்டில் ஒரு போத்தல் ஷாம்பு வாங்க முடியாது. ஒரு முறைக்கு ஒரு சஷே வாங்கலாம். சின்னப் பைக்கற்று என்பது ஏழ்மையின் அளவு. 20 மில்லிலீட்டருக்குக் குறைந்த சஷேக்களை அரசு 2021 மார்ச் 31 முதல் தடை செய்தது. மெல்லிய பொலித்தீன், லஞ்ச் ஷீட், ரெஜிஃபோம் பெட்டி ஆகியவற்றுக்கு 2017 செப்டெம்பர் 1இலேயே தடை வந்தது. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு அந்த வருடப் புத்தாண்டு தினத்தில் வீடுகள் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு வந்த தடை அது. 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, மாலை எல்லாம் தடைப்பட்டியலில் சேர்ந்தன. தடை கொழும்பில் எழுதப்படுகிறது. தோட்டத்துக் கடைக்கு வரும் லொறி அதைப் படித்துவிட்டு வருவதில்லை.

எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு பொருள் இருக்கிறது: பெம்பர்ஸ். அதனோடு மாதவிடாய்த் துவாய். பிள்ளைக் காம்பராவில் விடும் குழந்தைக்குப் பெம்பர்ஸ் கட்டிவிட்டு மலைக்கு ஏறும் தாய் சாயங்காலம் அதை என்ன செய்வாள்? எரித்தால் நாறும், புதைத்தால் நாய் கிளறும், கானில் போட்டால் அடைக்கும். பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமல் இருட்டில் கானில்தான் போகிறது. இதைப் பற்றி ஆண் உத்தியோகத்தர் ஒருவர் மைக் பிடித்துப் பேச முடியாது, பேசினாலும் பெண்கள் தலை நிமிர மாட்டார்கள். தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் நலன்புரி உத்தியோகத்தரோ மருத்துவமாதுவோ நான்கு பெண்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அப்படிப்பட்ட பேச்சுக்கு மண்டபம் வேண்டாம், பெனர் வேண்டாம், சாப்பாட்டுப் பார்சல் வேண்டாம். அதனாலேயே செலவுப் பட்டியலில் அதற்கு ஒரு வரி எழுத முடிவதில்லை.

கானில் போகும் பொலித்தீனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மலைச்சரிவில் லயங்களுக்குப் பின்னால் ஓடும் கான் நீரைப் பத்திரமாகக் கீழே இறக்குவதற்காக வெட்டப்பட்டது. அது அடைத்தால் நீர் மண்ணுக்குள் இறங்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மலைகளைப் பிளந்து போனதற்குக் குப்பை காரணமென்று நான் சொல்ல மாட்டேன். அந்த மழைக்கு எந்தக் கானும் தாங்காது. ஆனால் சாதாரண மழைக்கே மண்மேடு சரிந்து சமையலறைக்குள் மண் வரும் லயங்களில், அடைபட்ட கான் உயிர்ப் பிரச்சினை. கழிவுக் கல்வியைச் 'சுற்றாடல் நேசம்' என்று தொடங்குவதை விட 'கான் அடைக்குது' என்று தொடங்கினால் லயம் காது கொடுக்கும்.

செயலமர்வின் நேரம் பற்றி ஒன்று. வார நாளில் காலை ஒன்பதரைக்கு வைத்தால் வருபவர்கள் ஓய்வுபெற்றவர்கள், பள்ளிப் பிள்ளைகள், கருத்திட்டத்துக்குத் தெரிந்தவர்கள். கொழுந்து பறிக்கும் பெண் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விட்டாள். அவள் வந்தால் ஒரு பேர் போகும். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் அன்றுதான் துணி துவைப்பது, விறகு பொறுக்குவது, கடைக்குப் போவது. வந்த பெண்ணுக்கு அந்த அரை நாள் கூலியைக் கொடுங்கள் என்று எந்த மானியக்காரரிடம் கேட்டாலும் விதியில் இடமில்லை என்பார்கள். ஹோட்டலில் தேநீருடன் அங்குரார்ப்பண விழா நடத்த அதே விதியில் இடமுண்டு. வரவுப் பதிவில் கையெழுத்து, புகைப்படம், 'நேரடிப் பயனாளிகள்' இத்தனை பேர். அறிக்கை இவற்றால் நிறைகிறது. ஆறு மாதம் கழித்து அந்த லயத்துக்குப் பின்னால் கானில் என்ன கிடக்கிறது என்று பார்க்க யாருக்கும் பணம் ஒதுக்கப்படுவதில்லை.

மொழி இன்னொரு இடறல். வர்ணக் குறியீட்டு விளம்பரம் சிங்களத்தில் வரும். தமிழில் வந்தால் மொழிபெயர்ப்பில் வரும். 'திண்மக்கழிவு முகாமைத்துவம்' என்பது உத்தியோகத்தருக்குப் புரியும். லயத்தில் குப்பை குப்பைதான். பள்ளிக்கூடங்களில் மட்டும் நிலைமை கொஞ்சம் நல்லது. சுற்றாடல் முன்னோடிப் படையணி தோட்டப் பள்ளிகளிலும் இருக்கிறது. பதக்கத்துக்காகத் தொடங்கும் பிள்ளை போத்தல் மூடி சேர்க்கிறது, வீட்டில் பாட்டியோடு சண்டை போடுகிறது. மானியக் கல்வியில் காசுக்கு அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் அந்தச் சண்டைதான் என்பேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் இந்தக் கேள்வி முழுமையாகாது. குப்பையை அள்ளும் வேலை இந்தத் தோட்டங்களில் ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து லயத்தையும் கக்கூஸையும் கூட்ட ஒரு வாசக்கூட்டி இருந்தார், அவருக்குத் தனி லயம், தனிப் பேச்சு. கண்டி மஹய்யாவையில் மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளர்களாகத் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களும் தமிழர்களே. தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு செலவு குறைப்பில் முதலில் மெலிந்த வேலைகளில் வாசக்கூட்டி வேலையும் ஒன்று. பல டிவிசன்களில் அந்த ஆள் இன்று இல்லை. இருந்த காலத்தில் அவரை மதிக்கவில்லை, போன பிறகு அவர் செய்த வேலை எவ்வளவு என்பது தெரிகிறது. ஆகவே 'உங்கள் குப்பைக்கு நீங்களே பொறுப்பு' என்று செயலமர்வில் சொல்லும்போது கேட்பவர் காதில் விழுவது வேறு. 'என்னை வாசக்கூட்டி ஆக்கப் பார்க்கிறான்.' இந்த அடிமனத்தைத் தொடாத எந்தக் கல்வியும் மேலோட்டமாகவே போகும். தொட வேண்டுமென்றால் தோட்டத்தின் சாதி தெரிந்த, அங்கேயே பிறந்த ஆள் வேண்டும்.

மஸ்கெலியா ஒரு தனிக் கதை. மார்கழி பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலைக்குப் போகும் லட்சக்கணக்கானோரில் பெரும்பகுதி நல்லதண்ணி வழியாகவே ஏறுகிறது. தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட் உறையும் மலைப்பாதை நெடுக. பருவம் முடிந்ததும் தொண்டர்கள் வந்து மூட்டை மூட்டையாக இறக்குவார்கள், படம் எடுப்பார்கள். வருடத்தில் பாதி நாள் நாட்டின் குப்பையைச் சுமக்கும் ஒரு சிறிய பிரதேச சபை, மீதி நாளில் தன் தோட்டத்து லயத்துக்கு டிராக்டர் அனுப்ப எரிபொருள் கணக்குப் பார்க்கிறது. நுவரெலியா மாநகரத்தின் நிலை கொஞ்சம் மேல். ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைக்கா 2002, 2003இல் இலங்கையின் இரண்டாம் நிலை நகரங்களை ஆராய்ந்தபோது மூன் பிளேன்ஸில் முறையான நிரப்புநிலம் ஒன்றை அமைக்க உதவியது. வசந்த காலத்தில் கிரகரி வாவியைச் சுற்றிச் சேரும் குப்பைக்கு ஒரு போகுமிடம் இருக்கிறது. ஹட்டனுக்கு அதுவும் சரிவர இல்லை. சுற்றிலும் கம்பனிக் குத்தகையில் உள்ள அரச காணி, நகரசபைக்கென்று கொட்ட ஒரு துண்டு நிலம் கிடைப்பதே பல வருடப் போராட்டம்.

இந்தியாவின் நீலகிரியையும் மூணாற்றையும் ஒரு முறை எட்டிப் பார்க்கலாம், அங்கேயும் தேயிலை, அங்கேயும் நம் ஆட்கள். நீலகிரியில் 2000களின் தொடக்கத்தில் ஆட்சியர் சுப்ரியா சாஹு பிளாஸ்டிக்குக்கு எதிராக 'ஆபரேஷன் புளூ மவுண்டன்' என்ற இயக்கத்தை நடத்தினார். பிறகு நீதிமன்றமும் சேர்ந்துகொண்டது. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் போத்தலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, உள்ளே குடிநீருக்குத் தண்ணீர் ஏடிஎம் வைத்தார்கள். தடையோடு மாற்றும் கூடவே வந்தது என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. மூணாற்றில் நெஸ்லேயின் பணத்தில் 'ஹில்தாரி' என்ற திட்டம் நடந்தது. பைக்கற்று விற்கும் கம்பனியே பைக்கற்றைப் பொறுக்கக் காசு கொடுத்ததைக் கேலியாகவும் பார்க்கலாம், நியாயமாகவும் பார்க்கலாம். நான் இரண்டாவது பக்கம். ஆனால் மூணாற்றுக்கு அடித்தளமாக இருந்தது கேரளத்தின் ஹரித கர்ம சேனை. குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக்கை எடுக்கிறார்கள், கிராமத்தில் வீடு மாதம் ஐம்பது ரூபாய் கொடுக்கிறது, பிரித்தது போக மிஞ்சியதைக் கிளீன் கேரளா கம்பனி எடுத்துப்போகிறது. மாதாமாதம் கதவைத் தட்டும் அந்தப் பெண்தான் அங்கே ஆசிரியை. கழுவாத பால் பைக்கற்றைத் திருப்பிக் கொடுப்பதே பாடம்.

நம் தோட்டங்களில் அது அப்படியே நடக்குமா? ஐம்பது ரூபாயைக் கொடுக்க லயம் தயங்கும், தயங்குவதில் நியாயமும் உண்டு. பால்மா கம்பனியும் பிஸ்கட் கம்பனியும் பைக்கற்றைத் திரும்ப எடுக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று அரசின் 2021–2030 பிளாஸ்டிக் செயற்திட்டம் பேசுகிறது. பேச்சு சட்டமாகிக் காசாக மாறினால், அந்தக் காசின் ஒரு பங்கு மலையேறி வரலாம். வெளிநாட்டு மானியம் போல அது நின்றுவிடாது, நாடு பிஸ்கட் தின்னும் வரை வரும். 2025 ஜனவரியில் அரசு தொடங்கிய 'கிளீன் ஸ்ரீலங்கா' தெருவையும் கடற்கரையையும் கூட்டியது. தோட்டத்துக் கான் வரை அது இறங்குமா என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதுவரை மானியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலையின் வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். முதலில் பிரதேச சபையும் தோட்ட நிர்வாகமும் ஒரு மேசையில் உட்கார்ந்து, எந்த வியாழக்கிழமை எந்தச் சந்திக்கு டிராக்டர் வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். லயத்து வாசல் வரை வர வேண்டாம், அந்தப் பாதையில் டிராக்டர் ஏறாது. கொழுந்து லொறி வரும் இடம் போதும். கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு போதும். அதற்கான டீசல், சாரதிக்கான மேலதிகக் கொடுப்பனவு, கூண்டுக்கான கம்பி ஆகியவற்றைக் கருத்திட்டத்தின் முதல் செலவாக வையுங்கள். பேச்சு அதற்குப் பிறகு. பிரிப்பதும் நாட்டுக் குறியீட்டின் ஐந்து வர்ணத்திலும் வேண்டாம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஐந்து தொட்டிக்கு இடமேது? காய்ந்தது ஒரு மாச்சாக்கில், பெம்பர்ஸும் துவாயும் தனியாக ஒரு பையில். மற்றதை ஆடும் எருக்குழியும் பார்த்துக்கொள்ளும். பாடம் சொல்பவர் அதே டிவிசனில் இருக்கும் ஒரு பெண்ணாக இருக்கட்டும், மூன்று வருடத்துக்கு மாதச் சம்பளத்தோடு. பன்னிரண்டு மாதக் கருத்திட்டத்தில் ஒரு தீபாவளி, ஒரு தைப்பொங்கல்தான் வரும். பழக்கம் பிடிக்க அது போதாது.

பழைய இரும்பு, போத்தல் வாங்க முச்சக்கரவண்டியில் வரும் வியாபாரியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கருத்திட்டக்காரர் யாரும் அவரைச் செயலமர்வுக்கு அழைத்ததாக நான் பார்த்ததில்லை. கண்ணாடிப் போத்தலுக்கும் இரும்புக்கும் அவர் காசு தருகிறார், பெட் போத்தலைத் தொட மாட்டார். காற்றைச் சுமந்து மலையிறங்கினால் பெட்ரோல் காசுகூடத் தேறாது என்பார். அந்தப் போத்தலை நசுக்கிக் கட்ட ஒரு கைப்பொறியும், கிலோவுக்குச் சிறிய மேலதிக விலையும் மானியத்தில் கிடைத்தால், கையேடு இல்லாமலே லயம் போத்தலைச் சேர்க்கும். காசு கிடைக்கும் பொருளை லயம் எறிந்து நான் பார்த்ததில்லை. கோதுமை மாச்சாக்கில் பாவாடை தைத்த தலைமுறை அது, பால்மா டின்னில் அரிசி அளந்த வீடுகள் அவை. மீள்பயன்பாடு என்ற சொல் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அதைச் செய்தவர்கள்.

விடைபெறும்போது அந்த அம்மாவின் விறகுக்கொட்டிலைப் பார்த்தேன். கூரைத் தகரம் துருப்பிடித்துப் பெரிய ஓட்டை. அதன் மேல் ஒரு ஃப்ளெக்ஸ் பெனர் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். எழுத்து உள்பக்கமாக இருந்ததால் கொட்டிலுக்குள் குனிந்து நின்றால் தலைகீழாகப் படிக்கலாம்: 'கழிவைக் குறைப்போம், மலையகத்தைக் காப்போம்'. செயலமர்வு முடிந்த அன்று மண்டபத்தில் கழற்றிப் போட்டதை மகன் சுருட்டிக்கொண்டு வந்தானாம். நன்கொடையாளரின் சின்னங்கள் இருந்த மூலையில்தான் ஒரு கிழிசல், அதைச் சாக்கு ஊசியால் தைத்திருந்தார்.

"ரெண்டு மழைக்குத் தாங்கிடுச்சுங்க," என்றார்.